சக்கிமுக்கித் துப்பாக்கிக்கு வெந்நீரா, மண்ணெண்ணெயா?

குளச்சலில் பெரியப்பா வீட்டில் லைசென்ஸோடு ஒரு பழைய சக்கிமுக்கித் துப்பாக்கி இருக்கிறது. சக்கிமுக்கிக் கல் எஃகில் உரசும் பொறியில் சுடும், குழல்வாய் வழியாக வெடிமருந்து கெட்டிக்கும் ரகம்; 1741-ல் இதே கடற்கரையில் டச்சுக்காரர்களோடு நடந்த சண்டையில் வெடித்தவையும் இந்த இனம்தான். அதை எப்படிக் கழுவுவது என்பதில் எனக்கும் பெரியப்பாவுக்கும் ஒத்துப்போகாது.

அவர் மண்ணெண்ணெய்க் கட்சி. "உப்புக்காத்து வீசுற ஊர்ல இரும்புல தண்ணி ஊத்துவாளா மக்களே?" என்பார். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் இதில் கெட்டிக்கும் கரிமருந்தில் முக்கால் பங்கு வெடியுப்பு. சுட்டபின் பாதிக்கு மேல் புகையாகப் போகாமல் திடப்பொருளாகவே மிஞ்சும். குழலில் ஒட்டும் அந்தக் கசடு பெரும்பாலும் உப்பு. காற்றின் ஈரத்தை இழுத்து இரும்பை அரிக்கும். மண்ணெண்ணெயில் அது கரையாது, தண்ணீரில்தான் கரையும். குழலுக்குள் சுருள்வரிகள் வெட்டிய ரைபிள் என்றால் அந்த வரிகளிலும் படிந்திருக்கும். வெதுவெதுப்பான சோப்புத்தண்ணீர், பிறகு நல்ல தண்ணீர், துணி ஈரமில்லாமல் வரும்வரை துடைப்பு. கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் கண்ணெதிரே செந்துரு பூக்கும். துப்பாக்கியின் மரக்கட்டைக்குள் தண்ணீர் இறங்கவும் விடக்கூடாது.

இதற்கெல்லாம் முன்னால் ஒன்று: உள்ளே பழைய மருந்து கிடக்கிறதா? கெட்டிக்கும் குச்சியைக் குழலுக்குள் விட்டு, வாய் மட்டத்தில் அடையாளமிட்டு, வெளியே வைத்து அளந்து பாருங்கள். குழலின் அடியில் மருந்துக்குத் தீ போகும் பற்றுத்துளை வரை குச்சி போகவில்லையென்றால் நிறுத்திவிடுங்கள். பல வருஷம் கிடந்த மருந்தும் வெடிக்கும். லைசென்ஸ் உள்ள துப்பாக்கி ரிப்பேர்காரரைக் கூப்பிடுங்கள். எந்த நேரத்திலும் குழல்வாயில் வாய் வைத்து ஊதவோ எட்டிப் பார்க்கவோ வேண்டாம்.

தேங்காய் எண்ணெயா, மெஷின் ஆயிலா என்பது அடுத்த வழக்கு. இதில் பெரியப்பாவுக்குப் பாதி வெற்றி. குண்டைச் சுற்றும் துணியில் தடவத் தேங்காய் எண்ணெய் நல்லது. கசடை இளக்கமாக வைக்கும். மெஷின் ஆயில் அங்கே தார் மாதிரி இறுகும். ஆனால் மாசக்கணக்கில் சும்மா வைக்க மெஷின் ஆயில்தான். தேங்காய் எண்ணெய் நாளானால் சிக்கடித்து, அதில் உண்டாகும் அமிலமே இரும்பைத் தின்னும். மறுபடி சுடுவதற்கு முன் ஆயிலைத் துடைத்தெடுக்க வேண்டும்.

சக்கிமுக்கிக் கல் உரசும் எஃகுத் தகட்டில் மட்டும் இரண்டுமே கூடாது. எண்ணெய் பட்டால் பொறி வராது. பெரியப்பா அதிலும் ஒரு சொட்டு விடுவார். துப்பாக்கியைக் குழல்வாய் கீழாகச் சாய்த்து வைப்பதில் மட்டும் அவர் செய்வது சரி. ஆயில் வடிந்து கட்டையை ஊறவைக்காது.