ஐசியூவில் துடைக்க: ஹைப்போவா, ஸ்பிரிட்டா?

அசினெட்டோபாக்டர் என்ற நோய்க்கிருமி காய்ந்த பரப்பிலும் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். கட்டில் கம்பி, மானிட்டர் பொத்தான், மருந்து ஏற்றும் இன்ஃபியூஷன் பம்ப்பின் விசைகள், எல்லாரும் தொடும் இடங்கள்தான் அதற்கு வீடு.

கட்டில், மெத்தை உறை, தரை போன்ற பெரிய பரப்புக்குச் சோடியம் ஹைப்போகுளோரைட், அதாவது ஹைப்போ. 5% கரைசலில் 20 மில்லி எடுத்து 980 மில்லி தண்ணீரில் கலந்தால் 0.1%. பத்து நிமிடம் பரப்பு ஈரமாகவே இருக்க வேண்டும். முதலில் சோப்புத் தண்ணீரால் அழுக்கை எடுக்காமல் இதை ஊற்றுவது வீண்: ரத்தமும் சளியும் குளோரினைத் தின்றுவிடும். அன்றன்றைக்குக் கலக்குங்கள், வெயில் பட்டால் வீரியம் போய்விடும். கழிவறை ஆசிட்டோடு சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். உலோகத்தை அரிக்கும் என்பதால், துடைத்தபின் தண்ணீரால் இன்னொரு தடவை துடைக்க வேண்டும்.

ஸ்டெதாஸ்கோப், மருந்துக் குப்பியின் ரப்பர் மூடி போன்ற சின்னப் பொருளுக்கு 70% ஆல்கஹால், அதாவது ஸ்பிரிட் போதும். 99% வாங்கினால் இன்னும் நல்லது என்று நினைப்பவர்கள் உண்டு. தப்பு! புரதத்தைக் குலைக்கத் தண்ணீரும் வேண்டும். பெரிய பரப்பில் ஸ்பிரிட் வேலை முடியும் முன்பே ஆவியாகிவிடும். ஆக்சிஜன் ஓடும் அறையில் தீ அபாயம் வேறு. மானிட்டர் போன்ற கருவிகளின் திரைகளுக்கு எது ஆகும் என்பதைக் கருவியின் கையேட்டைப் பார்த்தே முடிவு செய்யுங்கள்.

வயிற்றுப்போக்கு நோயாளிக்கு கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற குடல் பாக்டீரியா உறுதியானால் ஸ்பிரிட்டை நம்பவே கூடாது, அதன் வித்துகள் ஆல்கஹாலுக்குச் சாகாது. அங்கே ஹைப்போதான். கைக்கும் சானிடைசர் போதாது, சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.