2 லிட்டர் டேபிள் டாப் கிரைண்டர்: நாலு பேர் வீட்டுக்குப் போதுமா?

போதும். ஆனால் பெட்டியில் போட்டிருக்கும் 2 லிட்டரை அப்படியே நம்பி அரிசி ஊறப்போட வேண்டாம். டிரம்மின் மொத்தக் கொள்ளளவுதான் அது. குழவிகள் அடைக்கும் இடம், மாவு சுழன்று ஏறும் உயரம் எல்லாம் போக, ஒரு ஈடுக்கு 200 மில்லி டம்ளரில் 3 டம்ளர் இட்லி அரிசிதான் நிம்மதியாக அரைபடும். நாலு போட்டால் கடைசியில் தண்ணீர் விடும்போது விளிம்பில் வழிந்து டிரம்முக்கு அடியில் இறங்கும். அதைத் துடைக்கிற வேலை, மாவரைக்கிற வேலையைவிடப் பெரிது.

3 டம்ளர் அரிசிக்கு முக்கால் டம்ளர் முழு வெள்ளை உளுந்து, அரை டீஸ்பூன் வெந்தயம். அரிசி 4 மணி நேரம் ஊற வேண்டும். உளுந்துக்கு ஒரு மணி நேரமே தாராளம். அரைப்பது எப்போதும் உளுந்து முதலில். கால் டம்ளர் தண்ணீரை விட்டு மெஷினை ஓடவிட்டு, அதற்குப் பிறகு உளுந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கவும். அப்புறம் 4, 5 நிமிடத்துக்கு ஒரு தரம் ஒரு கை குளிர்ந்த தண்ணீர் தெளித்தால் போதும். 30 நிமிடத்தில் பொங்கி வரும். ஒரு சொட்டை எடுத்துத் தண்ணீரில் போட்டால் மிதக்க வேண்டும். மூழ்கினால் இன்னும் ஐந்து நிமிடம். மிக்ஸியில் இந்தப் பொங்கல் வராததற்குக் காரணம், பிளேடு வெட்டுகிற வேகத்தில் மாவு சூடாகிவிடுவதுதான். இங்கே கல் மெதுவாக நசுக்குகிறது, காற்றும் உள்ளே போகிறது. அரிசிக்கு 20 முதல் 25 நிமிடம், ரவைப் பதத்தில் நிறுத்திவிடலாம்.

சாதாரணமாக மோட்டார் 150 வாட். ஒரு மணி நேரம் ஓடினாலும் கால் யூனிட்கூட ஆகாது. அதே சமயம் சின்ன மோட்டார் என்பதையும் மறக்கக் கூடாது. ஊறிய அரிசி மொத்தத்தையும் ஒரேயடியாகக் கொட்டினால் பெல்ட் வழுக்கும், ரப்பர் கருகும் வாடை வரும். பாதியில் கரண்ட் போய் வந்தாலும் இதே கதைதான்: கெட்டியான மாவில் கல் பதிந்திருக்கும், மோட்டார் உறுமுமே தவிரச் சுற்றாது. உடனே அணைத்து, குழவிகளைத் தூக்கி, தண்ணீர் விட்டுக் கையால் கிளறிவிட்டுப் போட வேண்டும்.

புதிதாக வாங்கியதும் ஒரு கைப்பிடி அரிசியை நிறையத் தண்ணீரோடு 10 நிமிடம் அரைத்துக் கொட்டவும். கழுநீரில் சாம்பல் நிறம் போகும் வரை இரண்டு, மூன்று தரம் செய்யலாம். அது கல் தூள். பல மாதம் கழித்து மாவில் கறுப்புக் கோடு தெரிந்தால் அது கல் அல்ல, குழவிக்குள் அச்சைச் சுற்றி இருக்கும் புஷ் என்ற சின்னக் குழாய் தேய்ந்த கறை. புஷ்ஷை மாற்றிவிட்டால் நின்றுவிடும்.

மூன்று குழவி மாடலுக்குக் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை. அரைப்பில் பெரிய வித்தியாசம் இல்லை, கழுவுவதற்குத்தான் ஒரு கல் அதிகம். வாங்கும்போது பார்க்க வேண்டியது ஓரத்தில் மாவைத் தள்ளிவிடும் பிளேடு. அது டிரம்மை ஒட்டி நிற்காவிட்டால் உளுந்துத் தோசைபோல ஒரு அடுக்கு சுவரிலேயே அரையாமல் உட்கார்ந்திருக்கும், அரைபடும் அரை மணி நேரமும் கரண்டியால் வழித்துவிட்டுக்கொண்டே நிற்க வேண்டியதுதான். சப்பாத்தி மாவு பிசையும் துணைக்கருவி அரைக் கிலோ வரை சமாளிக்கும். தேங்காய்த் துருவி கணக்குக்குச் சேர்த்தது.

2011-இல் தமிழக அரசு கொடுக்கத் தொடங்கிய விலையில்லா கிரைண்டரும் இந்த ரகம்தான் என்பதால் ரிப்பேர் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. பிராண்டைவிட, அதன் பெல்ட்டும் புஷ்ஷும் உங்கள் ஊர்க் கடையில் கிடைக்கிறதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.