தாத்தாவின் ஊருக்கு எடுத்துச் சென்ற கேமரா: ஃபியூஜிஃபிலிம் எக்ஸ்100வி

தாத்தா பிறந்த கிராமத்து வீட்டையும் அங்கே எஞ்சியிருக்கும் மூத்தவர்களையும் படமெடுத்து வைப்பதற்காகவே, 2020இல் வெளிவந்த இந்தக் கேமராவை வாங்கினேன். அந்த ஒரு வேலைக்கு இது எவ்வளவு பயன்பட்டது என்பதை மட்டுமே எழுதுகிறேன். பறவைகளைப் படமெடுப்பவர்களுக்கு இதில் ஒன்றுமில்லை.

இதன் லென்ஸைக் கழற்ற முடியாது, ஜூமும் கிடையாது. 23 மில்லிமீட்டர், எஃப்/2 லென்ஸ் ஒன்றுதான். ஃபுல் ஃபிரேம் (பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவு) கணக்கில் அது 35 மில்லிமீட்டர் கோணம், அதாவது சற்று அகலமான பார்வை. ஒரு முகத்தைப் பெரிதாக எடுக்க வேண்டுமானால் எதிரே போய் உட்கார்ந்தாக வேண்டும். முந்தைய பயணங்களில், பேரன் என்ற உரிமை இருந்தும், வாசலுக்கு வெளியே நின்று ஜூம் லென்ஸால் எட்டிப் பார்த்த அயலானாகவே நான் படமெடுத்திருந்தேன் என்பது இந்தக் கட்டாயம் வந்த பிறகுதான் உறைத்தது. அருகில் உட்கார்ந்தால் பேச வேண்டியிருக்கிறது. பேச்சு வளரும்போது, அவர் எனக்கு எந்த வழியில் உறவு என்பதும் அவர் வாயாலேயே வந்துவிடுகிறது. லென்ஸுக்குள்ளேயே இருக்கும் லீஃப் ஷட்டரின் ஓசை காதில் விழுவதே அரிது என்பதால் அந்தப் பேச்சு இடையில் அறுபடுவதுமில்லை.

ஒரே ஜன்னல் உள்ள இருண்ட அறையில், வெளிச்சத்தை நிறைய உள்ளே விடும் எஃப்/2 திறப்பும் சற்றே உயர்த்திய ஐஎஸ்ஓவும் (ஒளியுணர்திறன் அளவு) போதுமானவையாக இருந்தன. கேமராவின் நடுக்கத்தைத் தணிக்கும் வசதி இதில் இல்லை. 2024இல் வந்த அடுத்த மாடலான எக்ஸ்100விஐ-இல் உண்டு. ஆனால் அது நம் கையின் நடுக்கத்தைத்தான் தணிக்கும், பாட்டியின் விரல்களை நிறுத்தி வைக்காது. ஷட்டர் வேகத்தை 1/125 நொடிக்குக் கீழே இறக்காமல் எடுத்ததில் எனக்குப் பெரிய இழப்பு எதுவும் இல்லை.

சுவரில் மாட்டிய பழைய படங்களை நகலெடுப்பதில்தான் கவனம் தேவை. 10 சென்டிமீட்டர் வரை நெருங்கி ஃபோகஸ் செய்ய முடியும் என்றாலும், அவ்வளவு நெருங்கினால் கேமராவின் நிழலே படத்தின் மேல் விழுந்துவிடுகிறது. சற்று விலகி நின்று எடுத்து, ஓரங்களைப் பிறகு வெட்டிக்கொள்வதே நல்லது, 26.1 மெகாபிக்சல் அதற்குத் தாராளமாக இடம் தருகிறது. கண்ணாடிச் சட்டமாக இருந்தால், ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி அதை வைத்து, கேமராவுக்குப் பின்னால் ஒரு கறுப்புத் துணியைப் பிடிக்கச் சொன்னால் பிரதிபலிப்பு பெருமளவு மறைந்துவிடும்.

இந்தக் கேமராவின் புகழுக்குக் காரணமான ஃபிலிம் சிமுலேஷன்களை (ஃபிலிம் சுருள்களின் நிறச் சாயலைப் படத்துக்குத் தரும் தேர்வுகளை) இந்த வேலையில் நான் சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன். கிளாசிக் நெகட்டிவ் என்ற நிறத் தேர்வு, நேற்று எடுத்த படத்தையும் பழைய ஆல்பத்திலிருந்து உருவியதைப் போலக் காட்டிவிடுகிறது. அழகுதான், ஆனால் சுவருக்கு உண்மையில் என்ன நிறம் என்று நாளை ஒரு கொள்ளுப் பேத்தி கேட்டால் அந்தப் படத்தில் விடை இருக்காது. ஆகவே இந்த நிறச் சாயல் ஏறாத மூலப் பதிவான ரா கோப்பையும் சேர்த்துப் பதிவு செய்வதைக் கட்டாயமாக வைத்துக்கொண்டேன்.

கேமராவுக்குள் ஜிபிஎஸ் இல்லை. எடுத்த இடம் பதிவாக வேண்டுமானால் கைபேசிச் செயலியோடு இணைக்க வேண்டும். கண்ணை வைத்துப் பார்க்கும் சிறு திரையான எலக்ட்ரானிக் வ்யூஃபைண்டரில் ஒரு பேட்டரிக்குச் சுமார் 350 படங்கள்தான் என்பதால் இரண்டாவது பேட்டரி அவசியம். எக்ஸ்100வி கையில் இருப்பவர்கள் இந்த வேலைக்காகப் புதிய மாடலுக்கு மாற வேண்டியதில்லை.