பெட்டியில் 1000 வாட், பிளக்கில் 94 வாட்: செடி வளர்க்கும் குரோ லைட் வாங்கப் போகிறவர்கள் கவனம்

கனடாவில், ரொறொன்ரோவின் ஸ்கார்பரோவில் கறிவேப்பிலை மரம் வைத்திருக்கிறவர்களுக்கு ஒக்டோபர் வந்தால் ஒரே கவலை. குளிர் பத்துப் பாகைக்குக் கீழே இறங்கத் தொடங்கியதும் தொட்டியை உள்ளே தூக்கவேண்டும். மே மாதம் நடுப்பகுதி வரை அது வெளியே போகாது. எங்கள் மரத்துக்கு ஒன்பது வயது. அம்மா இருந்தபோது ஒரு சாண் கன்றாக வாங்கி வைத்தது. இந்தக் குளிர்காலத்தில் அதை ஏறக்குறைய இழந்துவிட்டேன். எப்படி என்று சொல்கிறேன். உங்கள் மரமாவது தப்பட்டும்.

முந்தைய வருடங்களில் ஜன்னலோரம்தான் வைத்தோம். டிசம்பரில் இங்கே பகல் ஒன்பது மணித்தியாலம்கூட இல்லை, அதிலும் பாதி நாள் மப்பு. மரம் இலையைக் கொட்டிவிட்டுக் குச்சியாக நிற்கும். இந்தமுறை பேஸ்மென்டில் நாலடிக்கு இரண்டடி குரோ டென்ட் (செடி வளர்க்கும் துணிக்கூடாரம்) ஒன்றைப் போட்டு, நல்ல எல்ஈடி லைட்டும் மாட்டுவோம் என்று முடிவெடுத்தேன். எங்கள் ஆட்கள் நடத்தும் ஒரு கடைக்குப் போனேன். பணம் திரும்ப வாங்கும் வேலை இன்னும் முடியாததால் கடையின் பெயரை எழுதவில்லை.

கடையில் நின்ற தம்பி ஒரு பெட்டியை எடுத்து வைத்தார். முகப்பில் பெரிய எழுத்தில் 1000 வாட். விலை 280 டொலர். லைட்டைப் போட்டுக் காட்டினார். கடை முழுக்க ஊதா நிறம், கண் கூசியது. "அண்ணை, இது ஆயிரம் வாட். கிட்ட வச்சா இலையை எரிச்சுப்போடும். டென்டின்ர உச்சியில கட்டி விடுங்கோ. கையை நீட்டிப் பாருங்கோ, சூடில்லையெண்டா உயரம் சரி" என்றார். நான் நம்பினேன். அவர் சொன்னபடியே மரத்தின் நுனியிலிருந்து இரண்டரை அடி மேலே கட்டி, டைமரில் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணித்தியாலம் வைத்தேன்.

மூன்று கிழமை எல்லாம் நன்றாகத்தான் தெரிந்தது. ஏன் அப்படித் தெரிந்தது என்பதுதான் இதில் மோசமான பகுதி. ஊதா வெளிச்சத்தில் இலையின் உண்மையான நிறம் தெரியாது; பச்சை இலை கருப்பாகத் தெரியும், பழுத்த இலையின் மஞ்சளும் புலப்படாது. ஒருநாள் சாம்பாருக்கு இரண்டு ஈர்க்கு ஒடித்துக்கொண்டு மேலே குசினிக்கு வந்தேன். மனைவி கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இதென்னப்பா, பழுத்துப்போச்சு" என்றார். குசினி வெளிச்சத்தில் பார்த்தால் இலை எலுமிச்சை மஞ்சள். நரம்பு மட்டும் கொஞ்சம் பச்சை. கீழே ஓடிப்போய் ஊதா லைட்டை நிறுத்தி, டோர்ச் அடித்துப் பார்த்தேன். பாதி மரம் மஞ்சள். புதுத் துளிர்கள் மெலிந்து, கணுவுக்குக் கணு நீண்டு, லைட்டை எட்டிப் பிடிக்கப் போவதுபோல் வளைந்து நின்றன.

கடைக்குப் போன் எடுத்தேன். "அப்ப நல்லாக் கீழ இறக்கி விடுங்கோ அண்ணை, அஞ்சாறு அங்குலம் போதும்" என்றார் அதே தம்பி. இறக்கினேன். நாலு நாளில் லைட்டுக்கு நேர் கீழே இருந்த நுனி இலைகள் வெளிறிக் காகிதம்போல் ஆகிவிட்டன. பக்கத்துக் கிளைகளோ பழையபடி மஞ்சளாகக் கொட்டிக்கொண்டிருந்தன.

அப்போதுதான் அளந்து பார்க்கவேண்டும் என்று தோன்றியது. பிளக்குக்கும் லைட்டுக்கும் நடுவே செருகும் மின்மீற்றர் ஒன்று முப்பது டொலருக்குள் கிடைக்கும். செருகினேன். 94 வாட். மீற்றர்தான் பிழையோ என்று குசினிக் கேத்தலில் செருகிப் பார்த்தேன், கேத்தலில் எழுதியிருந்த கணக்கு சரியாக வந்தது. உண்மையிலேயே 1000 வாட் லைட் என்றால் இங்கத்தைய 120 வோல்ட்டில் எட்டு அம்பியருக்கு மேல் இழுக்கவேண்டும். இது ஒரு அம்பியர்கூட இழுக்கவில்லை. பெட்டியின் அடிப்பக்கத்தில் எறும்பு எழுத்தில் 'ஈடான' என்ற பொருளில் ஒரு சொல் இருந்தது. செடி வளர்ப்பவர்கள் முன்பு போட்ட பழைய சோடியம் லைட்டுக்கு ஈடாம். 94 வாட் எல்ஈடி எதுவும் 1000 வாட் சோடியத்துக்கு ஈடாகாது. இது சுத்தப் பொய்.

இனி நான் பிந்திப் படித்தது. செடிக்கு வாட்டும் முக்கியமில்லை, லூமனும் முக்கியமில்லை. லூமன் என்பது மனிதக் கண்ணுக்கான அளவு. செடி பயன்படுத்துவது பெரும்பாலும் 400 முதல் 700 நனோமீற்றர் வரையுள்ள ஒளி. அது ஒரு சதுர மீற்றரில் ஒரு செக்கனுக்கு எத்தனை மைக்ரோமோல் (ஒளித்துகள்களை எண்ணும் அளவு) விழுகிறது என்பதுதான் கணக்கு. இதை பிபிஎஃப்டி என்பார்கள். அதை 0.0036 ஆலும், லைட் எரியும் மணித்தியாலத்தாலும் பெருக்கினால் ஒரு நாளைக்குச் செடிக்குக் கிடைக்கும் மொத்த ஒளி மோல் கணக்கில் வரும். கீரை வகைக்கு 12 முதல் 17 வரை, தக்காளி மிளகாய்க்கு 20 முதல் 30 வரை வேண்டும் என்பது பொதுவான கணக்கு. ஒரு நண்பரிடம் ஒளிமானி வாங்கி, அந்த லைட்டைத் திரும்ப உச்சியில் கட்டி அளந்தேன். மரத்தின் நுனியில் பிபிஎஃப்டி 70. பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு மொத்தம் மூன்று. கீரைக்கே நாலில் ஒரு பங்குதான். என் மரம் பட்டினி கிடந்திருக்கிறது.

கையை நீட்டிச் சூடு பார்க்கும் அந்த யோசனையைத் தயவுசெய்து யாரும் கேட்காதீர்கள். எல்ஈடியின் சூடு பெரும்பாலும் பின்பக்கத் தகட்டால் வெளியேறும். கையில் சூடு படாமலே இலை வெளிறும் அளவுக்கு ஒளி விழலாம், எனக்கு நடந்தது அதுதான்.

உயரத்தைப் பற்றியும் ஒன்று. சின்ன லைட்டைக் கீழே இறக்கினால் நடுவில் ஒளி குவியும், மூலைகள் ஒளியில்லாமல் கிடக்கும். ஆறு அங்குலத்தில் நடுவில் 600க்கு மேல் காட்டிய ஒளிமானி மூலையில் 30 காட்டியது. விற்பவர் நடுப்புள்ளியின் எண்ணை மட்டும் காட்டினால் வாங்காதீர்கள். டென்டின் தரை முழுக்கக் கட்டம் கட்டமாக எழுதிய ஒளி வரைபடத்தைக் கேளுங்கள், அது எந்த உயரத்தில் அளந்தது என்பதையும் கேளுங்கள். ஒரு ஜூல் மின்சாரத்துக்கு எத்தனை மைக்ரோமோல் தருகிறது என்றும் கேளுங்கள். இன்று நல்ல லைட்டுகள் 2.5க்கு மேல் தருகின்றன. பதில் சொல்லத் தெரியாத இடத்தில் பணத்தை எடுக்காதீர்கள்.

இப்போது வேறொரு லைட் போட்டிருக்கிறேன். வெள்ளை ஒளி, நீளச் சட்டங்களாகப் பரவிய வகை, உண்மையாகவே 200 வாட் இழுக்கிறது, ஒளியைக் குறைக்கவும் திருகி இருக்கிறது. மரத்தின் நுனியிலிருந்து பதினாறு அங்குலம் மேலே, டென்டின் நீளவாட்டில் கட்டினேன். பலவீனமான மரம் என்பதால் முதலில் பிபிஎஃப்டி 150இல் தொடங்கி, கிழமைக்குக் கொஞ்சமாகக் கூட்டி 350க்கு வந்தேன். பதினான்கு மணித்தியாலத்துக்கு மொத்தம் பதினேழு சொச்சம். வெள்ளை வெளிச்சத்தில் இலையின் உண்மையான நிறம் தெரிகிறது, அது மட்டுமே எனக்குப் பெரிய நிம்மதி. பெப்ரவரி கடைசியில் அடித்தண்டிலிருந்து நாலு துளிர் வந்தது. மேற்கிளைகள் இரண்டை வெட்டவேண்டி வந்தது.

அப்புறம், பழைய லைட்டைக் கழற்றும்போது இன்னொன்றைக் கவனித்தேன். வயர் உள்ளே போகும் இடத்தில் பிளாஸ்டிக் பழுப்பேறி, கருகல் மணம். பின்னால் சிஇ என்ற ஐரோப்பிய முத்திரை மட்டும் இருந்தது. கனடாவில் அது செல்லாது. சிஎஸ்ஏ, சியூஎல் போன்ற இங்கு ஏற்கப்பட்ட மின்பாதுகாப்பு முத்திரை வேண்டும். பிள்ளைகள் மேலே தூங்கும் வீட்டில் இதைப் பூட்டிய துணிக்கூடாரத்துக்குள் எரியவிட்டிருக்கிறேன் என்று நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது.

கடையில் "திறந்த சாமான் திருப்பி எடுக்கிறதில்லை" என்றார்கள். ஒன்ராறியோவின் 2002 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பொய்யான விவரம் சொல்லி விற்றிருந்தால் ஓராண்டுக்குள் அறிவித்து அந்த ஒப்பந்தத்தை ரத்துச் செய்யலாம். பெட்டியின் படம், மீற்றர் 94 காட்டும் படம், ரசீது மூன்றையும் வைத்துப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பியிருக்கிறேன்.

இதே ஊதா லைட்டை வாங்கியவர்கள் இன்றிரவே அதை நிறுத்திவிட்டு, சாதாரண வெளிச்சத்தில் இலையைப் பாருங்கள். பின்பக்க முத்திரையையும் வயர் நுழையும் இடத்தையும் பாருங்கள். மணம் வந்தால் மறுபடி செருகவேண்டாம், ஆனால் எறியவும் வேண்டாம்; பெட்டியோடு எடுத்து வையுங்கள். வேறு நல்ல லைட் கிடைக்கும்வரை மரத்தைத் தெற்குப் பக்க ஜன்னலில் விடுங்கள்.