எலிகளுக்கான காந்தப்புலக் கருவி: இரண்டு வட்டச் சுருளா, நான்கு சதுரச் சுருளா?

மின்கம்பிகளைச் சூழும் 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலம் உடலை என்ன செய்கிறது என்று எலிகளைக் கொண்டு ஆராய நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் நாடுவது ஹெல்ம்ஹோல்ட்ஸ் இரட்டைச் சுருளைத்தான். 50 செ.மீ. ஆரமுள்ள இரு வட்டச் சுருள்களை அதே 50 செ.மீ. இடைவெளியில் நிறுத்தி, ஒவ்வொன்றிலும் 100 சுற்றுச் சுற்றி, 0.56 ஆம்பியர் செலுத்தினால் நடுவில் 100 மைக்ரோடெஸ்லா (காந்தப்புல வலிமையின் அலகு) கிடைத்துவிடும். ஆனால் அச்சின் வழியே நடுப்புள்ளியிலிருந்து இருபுறமும் சுமார் 15 செ.மீ. வரைதான் புலம் ஒரு விழுக்காட்டு வேறுபாட்டுக்குள் நிற்கும். 40 செ.மீ. நீளமுள்ள கூண்டின் மூலையில் சுருண்டு உறங்கும் எலிக்கும் நடுவில் இரை தின்னும் எலிக்கும் கிடைக்கும் அளவு அப்போது ஒன்றாக இராது.

1983இல் மெரிட், பர்செல், ஸ்ட்ரோயிங்க் ஆகியோர் விவரித்த நான்கு சதுரச் சுருள் அமைப்பு இக்குறையைப் பெரிதும் தீர்க்கிறது. சுற்றுகள் 26, 11, 11, 26 என்ற விகிதத்தில் அமைவதால், அதே பருமனுள்ள கருவியில் சீரான புலம் நிலவும் இடம் வெகுவாக விரிகிறது. கூண்டுகளை வரிசையாக அடுக்கவும் சதுர வடிவமே தோது. சுருள்களை நிறுத்தும் இடத்தில் துல்லியம் வேண்டும் என்பதே இதன் விலை. குழாய்போல் நெருக்கமாகச் சுற்றிய நீண்ட வரிச்சுருளும் சீரான புலம் தரும். ஆனால் வெளிச்சத்தையும் காற்றையும் அடைத்துவிடுவதால், மாதக்கணக்கில் விலங்குகளை வைத்திருக்க நான் அதைப் பரிந்துரைக்கமாட்டேன்.

கட்டுப்பாட்டுக் குழுவை, அதாவது ஒப்பீட்டுக்காகப் புலம் தராமல் வைக்கும் எலிகளை, எப்படி நடத்துவது என்பதில் இன்னும் கடினமான தேர்வு இருக்கிறது. மின்சாரம் பாயும் சுருளின் சட்டத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தால் இளஞ்சூடும் மெல்லிய அதிர்வும் தெரியும். மின்னோட்டம் 50 ஹெர்ட்ஸ் என்றால் அதிர்வு 100 ஹெர்ட்ஸ். கட்டுப்பாட்டுக் குழுவின் சுருளை வெறுமனே அணைத்துவிட்டால் அந்த எலிகளுக்குச் சூடும் இல்லை, அதிர்வும் இல்லை; பிறகு காணும் வேறுபாடு காந்தத்தால் வந்ததா என்று யாரால் சொல்ல முடியும்? 1992இல் கிர்ஷ்விங்க் விளக்கிய இரட்டைக் கம்பிச் சுற்று முறையே மேல். சுற்றுகளை இரு கம்பிகளாகப் பிரித்துச் சேர்த்துச் சுற்றி, ஒன்றில் மின்னோட்டத்தின் திசையை மாற்றினால் புலம் அற்றுப்போகும், சூடு மட்டும் அப்படியே இருக்கும். கூடுதல் செம்பும் தேவையில்லை. அதிர்வு முழுதும் ஒத்துப்போகாது என்பதால், கூண்டுகள் நிற்கும் மேடை சுருளின் சட்டத்தைத் தொடாமல் தனிக் கால்களில் நிற்க வேண்டும்.

கூண்டு ஞெகிழியாகவும், தண்ணீர்ப் புட்டியின் குழாய் கண்ணாடியாகவும் இருப்பது நல்லது. உலோகக் குழாயென்றால், குடிக்கும் எலியின் ஈர வாய்வழியே தூண்டப்பட்ட சிறு மின்னோட்டம் பாய இடமுண்டு.

ஒரு சுருளின் புலம் பக்கத்துக் கூண்டுகளுக்குக் கசிவதையும் மறக்கக்கூடாது. அமெரிக்கத் தேசிய நச்சியல் திட்டம் 1999இல் வெளியிட்ட இரண்டாண்டு ஆய்வில் 60 ஹெர்ட்ஸ் புலம் 2, 200, 1000 மைக்ரோடெஸ்லா என்ற அளவுகளில் தரப்பட்டது. 1000 அளவுள்ள சுருளிலிருந்து 0.2 விழுக்காடு கசிந்து பக்கத்துக் கூண்டை எட்டினாலே அது 2 மைக்ரோடெஸ்லா. மிகக் குறைந்த குழுவின் முழு அளவே அதுதான். ஆகவே எலிகளைக் கொண்டுவருமுன் எல்லாச் சுருள்களையும் ஒருசேர இயக்கி, கட்டுப்பாட்டுக் கூண்டுகளின் ஒவ்வொரு மூலையிலும் மூன்று திசைகளிலும் புலத்தை அளக்கும் மூவச்சு அளவியை வைத்து அளந்து எழுதிக்கொள்ள வேண்டும்.