தலைக்காயமும் மன அதிர்ச்சியும்: சுங்கை சிப்புட் பராமரிப்பு இல்லம் ஒன்றின் மதிப்பீடு

செம்பனைக் குலை ஏற்றிச் சென்ற லோரி கவிழ்ந்து தலையில் பலத்த அடிபட்ட என் அண்ணன், ஈப்போ மருத்துவமனையிலிருந்து திரும்பும்போது இடது கை கால் பலவீனத்தோடும், அவ்வப்போது வரும் வலிப்போடும், கனரக வண்டியின் ஓசை கேட்டாலே உடல் நடுங்கும் பயத்தோடும் வந்தார். தோட்டத்து வீட்டில் அண்ணி ஒருவராக இத்தனையையும் சமாளிக்க முடியாது என்பதால், மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் ஒரு தாமானுக்குள் (குடியிருப்புப் பகுதிக்குள்) இயங்கும் தாதியர் பராமரிப்பு இல்லத்தில் அவரைச் சேர்த்தோம். சில குறைகளையும் சொல்ல வேண்டியிருப்பதால் இல்லத்தின் பெயரைத் தவிர்க்கிறேன்.

சேர்க்கும் நாளில் தலைமைத் தாதியார் மருந்துச் சீட்டைப் பார்த்ததைவிட அதிக நேரம் விசாரித்தது, அண்ணன் எதைக் கண்டு பயப்படுகிறார், எந்த நேரத்தில், பயம் வந்தால் என்ன செய்வார் என்பதைத்தான். அன்றே சாலையோர அறையை மாற்றிப் பின்கட்டில் கட்டில் போட்டுக் கொடுத்தார்கள். மனநோய் என்றாலே தஞ்சோங் ரம்புத்தான் என்று கேலி பேசிப் பழகிய ஊரில், அங்குள்ள மனநல மருத்துவமனை 1911 முதல் இயங்கி வந்தும், பயத்தை நோயின் ஒரு பகுதியாகப் பார்ப்பவர்கள் இன்னும் குறைவு. இந்த இல்லத்தின் பெரிய பலம் அதுதான்.

மூளையின் வலப்பக்கம் அடிபட்டவர்களில் சிலருக்குக் கண் நன்றாகத் தெரிந்தும் இடப்பக்கம் இருப்பவை கவனத்தில் பதிவதில்லை. தட்டின் வலப்பாதிச் சோற்றை மட்டும் உண்டுவிட்டு அண்ணன் கையைக் கழுவப் போவார். வீட்டில் சிலர் அதை வீம்பு என்றார்கள். இங்கே பாதிச் சாப்பாட்டில் தாதி தட்டை மெல்லத் திருப்பி வைக்கிறார், அவரும் மீதியைச் சாப்பிட்டு முடிக்கிறார். இடப்பக்கமாக யாராவது சத்தமில்லாமல் வந்து தொட்டால் திடுக்கிட்டுக் கையை ஓங்குபவர் அவர் என்பதால், வலப்பக்கம் வந்து நின்று, "அண்ணே, மிஸ்ஸி வந்திருக்கேன், இடது கையைத் துடைக்கப் போறேன்" என்று சொல்லி, அவர் தலையாட்டிய பிறகே தொடுகிறார்கள். நான் போன வேளைகளில் யாரும் இதைத் தவறவிட்டதாகத் தெரியவில்லை.

விழுங்குவதில் சிரமம் இருப்பதால் மைலோவைக்கூட மாவு கலந்து கெட்டியாக்கி, நேராக உட்காரவைத்து, முகவாயைச் சற்றுத் தாழ்த்தச் சொல்லி, கரண்டி கரண்டியாகக் கொடுக்கிறார்கள். சாப்பிட்டு அரை மணி நேரம் படுக்க விடுவதில்லை. நீர்த்த பானம் மூச்சுக்குழாய்க்குள் இறங்கினால் நுரையீரல் அழற்சி வரும் என்று அண்ணியிடம் விளக்கிச் சொன்னதும் அவர்கள்தான். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் எதையும் திணிக்காமல், கடிகாரத்தைப் பார்த்து, எந்தப் பக்கம் முதலில் இழுத்தது என்பது வரை நோட்டில் எழுதுகிறார்கள். 5 நிமிடத்தைத் தாண்டினால் 999 என்ற அவசர எண்ணுக்கு அழைக்கிறார்கள். கையில் இரும்புச் சாவியைத் திணிக்க வந்த உறவினர் ஒருவரை மரியாதையாகவே வெளியே உட்காரவைத்தார்கள்.

பயம் கிளம்பும்போது அவரைக் கட்டிப்போடுவதோ அறையைப் பூட்டுவதோ இல்லை. ஒருவர் எட்டத்தில் உட்கார்ந்து, பாதத்தைத் தரையில் ஊன்றச் சொல்லி, அறையில் கண்ணில் படுபவற்றை ஒவ்வொன்றாகச் சொல்லவைக்கிறார். விபத்தை விவரிக்கச் சொல்லி யாரும் வற்புறுத்துவதில்லை. அதை மனநல மருத்துவரிடம் விட்டுவிட்டார்கள். பக்கத்துக் கட்டிலில் எண்பது வயதைத் தாண்டிய, மறதி நோயுள்ள ஒரு பாட்டி, சோற்றைத் தாளில் மடித்துத் தலையணைக்கு அடியில் ஒளித்துவைப்பார். 1948இல் கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை ஒட்டி அவசரகாலம் மூண்டு, பின்னர் கிளர்ச்சியாளருக்கு உணவு போகாதபடி அரிசிக்குக் கட்டுப்பாடு வந்த வட்டாரம் இது. அவர் மனத்தில் எது ஓடுகிறதோ. தாதிகள் அதை அதட்டிப் பிடுங்காமல், அவர் உறங்கிய பின் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு பொட்டலம் பிஸ்கட் வைக்கிறார்கள்.

இனி குறைகள். இரவில் பதிவுபெற்ற தாதி எவரும் இல்லை; இரண்டு பராமரிப்பாளர்கள் மட்டுமே இருக்கிறார்கள். ஒருமுறை இரவு நேர வலிப்பு மாத்திரை விடிந்த பிறகே கொடுக்கப்பட்டது நோட்டைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. வலிப்பு மருந்தின் நேரம் தவறினால் என்ன ஆகும் என்று அவர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. இயன்முறைப் பயிற்சி பெயருக்குத்தான் நடக்கிறது. மாதக் கட்டணம் என்று ஒரு தொகையைச் சொல்லிவிட்டு, பெம்பர்ஸ் (அணையாடை), கெட்டியாக்கும் மாவு, மருத்துவமனைக்குப் போய்வரும் வண்டி ஆகியவற்றைத் தனித்தனியாகச் சேர்க்கிறார்கள். இதை முதலிலேயே எழுதிக் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

வேறு இல்லம் தேடுவோரும் பெயர்ப்பலகையை மட்டும் நம்ப வேண்டாம். 1993ஆம் ஆண்டுப் பராமரிப்பு மையச் சட்டத்தின் கீழ்ச் சமூக நல இலாகாவில் பதிவுபெற்ற இடம் வேறு, 1998ஆம் ஆண்டுத் தனியார் சுகாதார வசதிகள் சட்டத்தின் கீழ்ச் சுகாதார அமைச்சின் உரிமம் பெற்ற தாதியர் இல்லம் வேறு. குழாய்வழி உணவு, படுக்கைப்புண், வலிப்பு போன்றவை இருந்தால் இரண்டாவது வகையையே கேட்க வேண்டும். தாதியர் தொழில் புரிவதற்கான ஆண்டுச் சான்றிதழையும் காட்டச் சொல்லலாம். வேலை விபத்தாக இருந்தால் சொக்சோ எனப்படும் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவன அலுவலகத்தில் பராமரிப்பு உதவித்தொகைக்குத் தகுதி உண்டா என்று விசாரிக்கவும் மறக்க வேண்டாம்.

பகல் பராமரிப்புக்கு இந்த இல்லத்தைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். இரவிலும் வலிப்பு வரக்கூடியவரை இப்போதைக்கு அங்கே தங்கவைக்கச் சொல்லமாட்டேன். அதனால் இப்போது அண்ணனைக் காலையில் விட்டு மாலையில் அழைத்து வருகிறோம். இரவுக்குத் தாதி ஒருவரை அமர்த்தினால் முழுநேரமாக மாற்றிக்கொள்வோம் என்று தலைமைத் தாதியாரிடம் சொல்லியிருக்கிறோம்.