இதய ஓட்டை: தொடை வழியாக அடைப்பதா, நெஞ்சைத் திறந்து தைப்பதா?

எக்கோ (இதய ஸ்கேன்) ரிப்போர்ட்டில் 'ஏ.எஸ்.டி.' என்று வந்துவிட்டால் வீட்டில் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "கத்தி வைக்காமல் முடியாதா?" இந்தக் காலத்தில் பல குழந்தைகளுக்கு முடியும். ஆனால் யாருக்கு முடியும் என்பது ஓட்டை இருக்கும் இடத்தையும் அதைச் சுற்றியுள்ள விளிம்பையும் பொறுத்தது.

இதயத்தின் மேல் அறைகள் இரண்டுக்கும் இடையிலான சுவரில் விழும் ஓட்டை இது. சுவரின் நடுப்பகுதியில் இருந்தால் 'செகண்டம்' வகை. பெரும்பாலான குழந்தைகளுக்கு இருப்பது இதுதான், தொடை வழியாகக் கொண்டுபோய் ஓட்டையை அடைக்கும் 'டிவைஸ்' வைக்கத் தோதானதும் இதுதான். சுவரின் கீழ்க்கோடியில் உள்ள 'பிரைமம்', பெரிய சிரை வந்து சேரும் இடத்தை ஒட்டிய 'சைனஸ் வினோசஸ்' என்றால் குழந்தைகளுக்கு ஆபரேஷன்தான் வழக்கம். செகண்டத்திலும் ஓட்டை சிறியது என்றால் அவசரமே இல்லை. கைக்குழந்தையிடம் கண்ட சின்ன ஓட்டைகள் பல தானாகவே மூடிவிடும். அதனால்தான் தொந்தரவு எதுவும் இல்லாவிட்டால் மூன்று, நான்கு வயதுவரை பொறுத்துப் பார்க்கிறார்கள்.

இரண்டு முறைகளுக்கும் ஒரே ஊர்த் தொடர்பு உண்டு. 1952 செப்டம்பர் 2 அன்று அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஜான் லூயிஸ் ஐந்து வயதுச் சிறுமியின் உடலைக் குளிரவைத்து, இதயத்துக்கு வரும் ரத்தத்தைச் சில நிமிடம் நிறுத்தி, இந்த ஓட்டையைத் தைத்தார். இன்று பரவலாகப் பயன்படும் ஆம்ப்ளாட்சர் டிவைஸை உருவாக்கிய கர்ட் ஆம்ப்ளாட்ஸும் அதே பல்கலைக்கழகத்துக்காரர். அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது 2001இல்.

டிவைஸ் என்பது நிட்டினால் என்ற உலோகக் கலவைக் கம்பியால் பின்னிய இரண்டு தட்டுகள். நடுவே ஓர் இடுப்பு. தொடையின் சிரை வழியாக மெல்லிய குழாய்க்குள் நீளவாக்கில் மடங்கிப் போய், இடது மேல் அறையில் ஒரு தட்டும் வலது பக்கம் இன்னொன்றும் விரிந்து சுவரைக் கவ்விக்கொள்ளும். விடுவதற்கு முன் டாக்டர் அதைத் தள்ளிக்கொண்டுபோன கம்பியோடு சேர்த்து முன்னும் பின்னும் அசைத்துப் பார்ப்பார். எக்கோ திரையில் அது நகராமல் நின்றால்தான் கம்பியைத் திருகிக் கழற்றுவார். அதுவரை குழாய்க்குள் திரும்ப இழுத்துக்கொள்ளலாம். கழற்றிய பிறகு நழுவினால் மீட்பது பெரும்பாடு, சில நேரம் ஆபரேஷனில் போய் முடியும். விளிம்பு ஒரு 5 மில்லிமீட்டராவது வேண்டும் என்று சொல்வது இந்தக் கவ்வலுக்காகத்தான்.

ஆபரேஷனில் இதய-நுரையீரல் இயந்திரம் ரத்த ஓட்டத்தைப் பார்த்துக்கொள்ள, வலது மேல் அறையைத் திறந்து ஓட்டையை நேரடியாகத் தைப்பார்கள். பெரிதாக இருந்தால் இதய உறையிலிருந்தே ஒரு துண்டு வெட்டி ஒட்டுப் போடுவார்கள். நெஞ்சின் நடுவில் தழும்பு வேண்டாம் என்றால் சில இடங்களில் வலது அக்குள் பக்கமாகத் திறக்கிறார்கள். பெண் குழந்தை என்றால் வெட்டு எங்கே வரும் என்று முன்கூட்டியே கேளுங்கள். மார்பின் முன்பக்கம் வரும் வெட்டு பிற்காலத்தில் மார்பக வளர்ச்சியைப் பாதிக்கலாம்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் வித்தியாசம் நன்றாகத் தெரியும். டிவைஸ் வைத்த குழந்தை பெரும்பாலும் ஓரிரு நாளில் வீடு திரும்பி ஓடியாட ஆரம்பித்துவிடும். அதைச் சில வாரம் குதிக்காமல் அடக்குவதே பெரிய வேலை. ஆஸ்பிரின் மட்டும் சுமார் ஆறு மாதம். ஆபரேஷன் என்றால் ஐ.சி.யூ., வார்டு எனக் கிட்டத்தட்ட ஒரு வாரம். வெட்டிய நடு நெஞ்செலும்பு ஒன்றுசேர ஆறிலிருந்து எட்டு வாரம். அதுவரை அக்குளில் கை கொடுத்துத் தூக்கக் கூடாது, பிட்டத்துக்கு அடியில் ஒரு கை, முதுகில் ஒரு கை வைத்துத்தான் தூக்க வேண்டும். பார்க்க வரும் உறவினர்களுக்கும் இதைச் சொல்லிவையுங்கள், பாசத்தில் அக்குளில்தான் கை போகும்.

அப்படியானால் டிவைஸ்தானே நல்லது? விளிம்பு நன்றாக இருந்தால் நானும் அதையேதான் சொல்வேன். விளிம்பு இழுபறியாக இருக்கும்போது "எப்படியாவது டிவைஸ் வைத்துவிடுங்கள்" என்று டாக்டரை நெருக்குவதில்தான் எனக்கு உடன்பாடில்லை. மகாதமனிப் (இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய்) பக்கம் விளிம்பு குறைவாக இருந்து, பெரிய டிவைஸ் வைத்தால், அது இதயச் சுவரை உரசி அரிக்கும் அபாயம் உண்டு. அபூர்வம்தான், ஆனால் நடந்தால் உயிருக்கே ஆபத்து, பல மாதம் கழித்தும் வரலாம். தைத்த ஓட்டையில் இந்தக் கவலை கிடையாது. செகண்டம் ஓட்டைக்கான ஆபரேஷன், குழந்தைகளுக்கான இதய ஆபரேஷன்களிலேயே ஆபத்து மிகக் குறைந்தவற்றில் ஒன்று. ஆபரேஷன் என்றதும் தோற்றுவிட்டதாக நினைக்க வேண்டியதில்லை.

டாக்டரிடம் மூன்று கேள்வி போதும்: எந்தப் பக்கம் விளிம்பு குறைவு, குழந்தையின் எடைக்கு டிவைஸ் எவ்வளவு பெரிது, பாதியில் சரிவராவிட்டால் ஆபரேஷன் செய்ய அதே ஆஸ்பத்திரியில் ஆள் உண்டா? நிக்கல் பட்டால் தோல் அரிக்கும் குழந்தை என்றால் அதையும் சொல்லிவிடுங்கள், நிட்டினாலில் நிக்கல் இருக்கிறது. அப்புறம், டிவைஸ் வைத்திருந்தால் முதல் ஆறு மாதம் பல் பிடுங்கப் போகுமுன் ஆன்டிபயாடிக் தேவை என்பதைப் பல் டாக்டரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும்.